ஏரியில் அப்பாவுக்கு வந்த போன்

எங்கள் ஊர் ஏரிக்கரையில் நின்று பார்த்தால், கும்மிடிப்பூண்டியில் அப்பா வேலை செய்த இரும்புக் கம்பெனியின் புகைபோக்கி தெரியும். அது புகைவிடுவதை நிறுத்திய வருஷம், வெளிநாட்டில் ஏதோ பேங்குகள் விழுந்துவிட்டன, அதனால்தான் இங்கே கம்பி விற்கவில்லை என்று அப்பா சொன்னார். எங்கேயோ பேங்கு விழுந்தால் எங்கள் வீட்டில் ஏன் காலை நாஷ்டா நிற்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. நான் அப்போது ஐந்தாவது முடித்திருந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பிறகு ஸ்ரீபெரும்புதூர், திருப்பூர், ஓசூர் என்று கம்பெனி ஹாஸ்டல்களில் பெட்டியை இறக்குவதும் ஏற்றுவதுமாக வயது போய்க்கொண்டிருக்கிறது. எந்த ஊரில் வேலைக்குச் சேர்ந்தாலும், இங்கே யார் யாரை நம்பவில்லை என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். அந்தப் பழக்கம் எனக்கு ஏரியில் வந்தது.

அப்பா கொஞ்ச நாள் கம்பெனி கேட்டுக்கு முன்னால் போய் நின்றார். பிறகு வீட்டு வாசலில் நின்றார். கோடை விடுமுறையில் ஒருநாள் காலையில், ஒன்றும் சொல்லாமல் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் நூறு நாள் வேலைக்குக் கிளம்பிவிட்டார். வீட்டில் தனியாக இருக்கப் பயந்து நானும் போனேன்.

ஏரியைத் தூர்வாருவதுதான் வேலை. வந்தவர்கள் எல்லாம் பெண்கள், அவர்களோடு இரண்டு மூன்று கிழவர்கள். நடுவயது ஆண் என்று அப்பா ஒருவர்தான். அவரைப் பார்த்ததும் பேச்சு நின்றுபோனது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. முந்தைய வருஷம் மேலதிகாரிகளிடம் யாரோ புகார் சொல்லி, வேலை பல வாரம் நின்றுவிட்டது. புகார் சொன்னது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அதனால் எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது சந்தேகப்படுவதற்கென்றே ஒரு ஆள் வந்து சேர்ந்தார்.

“கம்பெனில சட்ட போட்டுகினு வேல செஞ்சவன் வெய்யில்ல வந்து மண்ணு வெட்டுறான்னா இன்னா அர்த்தம்? எவனோ அனுப்பிக்கீறான்” என்றாள் பெரியம்மா. அம்மாவின் கூடப் பிறந்த அக்கா அவள். ஏரியில் அவள் வைத்ததுதான் சட்டம். தங்கை புருஷன் என்று அவள் அப்பாவுக்குச் சலுகை காட்டவில்லை.

அப்பாவும் சந்தேகத்துக்கு இடம் கொடுத்தே நடந்துகொண்டார். கொஞ்ச நேரம் வெட்டுவார். திடீரென்று மண்வெட்டியைப் போட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்ப்பார். முகத்தைச் சுளித்து அதைக் காதில் வைத்துக்கொண்டு, வேலிக்காத்தான் புதருக்குப் பின்னால் போய்விடுவார். திரும்பி வர நேரமாகும். யார் என்று கேட்டால், “கம்பெனி விஷயம்” என்பார். அவ்வளவு போன் வருகிற அப்பா எங்கள் தெருவில் வேறு யாருக்கும் இல்லை என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

“நம்ப பேர எல்லாம் ஒண்ணொண்ணா சொல்லினு கீறான் பாரு” என்றாள் பெரியம்மா. “ஓவர்சியர் வரட்டும். இவன் அட்டைய நிறுத்தச் சொல்றேன்.”

அம்மா அதைக் கேட்டு நிமிர்ந்தாள். வேலை அட்டை வீட்டுக்கு ஒன்றுதான். அப்பாவை நிறுத்தினால் அம்மாவும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். “அக்கா, பேஜாரு பண்ணாத” என்று மட்டும் சொன்னாள்.

பெரியம்மா என்னைத் தனியே கூப்பிட்டாள். “உங்கப்பன் இன்னா பேசுறான்னு கேட்டுகினு வா. குச்சி ஐஸ் வாங்கித் தரேன்.”

நான் போய்ப் புதர் இடுக்கில் பார்த்தேன். அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கை தரையை அழுத்திக்கொண்டிருந்தது, இன்னொரு கையில் போன் காதோடு இருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. வாய் திறந்தபடி இருக்க, தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. நெஞ்சுக்குள்ளிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அந்தப் பக்கம் யாரோ பெரிய அதிகாரி கண்டபடி திட்டுகிறார், பதில் சொல்ல முடியாமல் அப்பா தவிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

“பேசவே இல்ல பெரியம்மா. மூச்சு வாங்கினு சும்மா கேட்டுகினே இருக்காரு. போன்ல லைட்டு கூட எரியல.”

“ஆர்டர் வாங்கினு கீறான்டி” என்று பக்கத்தில் ஒருத்தி சொன்னாள். பெரியம்மா மட்டும் என்னையே பார்த்தாள். அடுத்த முறை அப்பா எழுந்து போனபோது, சுள்ளி பொறுக்குவதாகச் சொல்லிவிட்டு அவளும் புதர்ப் பக்கம் போனாள். வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

“இன்னாக்கா, யார்கிட்ட பேசுறான்?” என்று கேட்டாள் பக்கத்தில் இருந்தவள்.

“எனக்கு இன்னா தெரியும்? காதுல விழல.”

அத்தனை பேருடைய வீட்டுப் பேச்சும் காதில் விழுகிற பெரியம்மா அப்படிச் சொன்னதும், அப்பா அவளை ஏதோ கொடுத்துச் சரிக்கட்டிவிட்டார் என்று முடிவு செய்தேன்.

அம்மாவும் என் சந்தேகத்தில் வந்து விழுந்தாள். மண் வெட்டும்போது ஒவ்வொரு குழியின் நடுவிலும் ஒரு திட்டை வெட்டாமல், மேலே இருக்கிற புல்லோடு விட்டுவைக்க வேண்டும். பழைய தரை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. ஓவர்சியர் திட்டின் உச்சியிலிருந்து குழியின் அடிவரை டேப் பிடித்து அளப்பார். அளவு குறைந்தால் கூலி குறையும், சரியாக வெட்டாத ஆள் யார் என்றும் தெரிந்துவிடும். ஒரு மத்தியானம் எல்லோரும் நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஏரி நடுவில் வற்றாமல் கிடந்த கொஞ்சம் தண்ணீரின் ஓரத்திலிருந்து அம்மா புல்லோடு ஒரு மண்கட்டியைப் பெயர்த்துச் சட்டியில் கொண்டுவந்தாள். எங்கள் குழித் திட்டின் தலையில் அதை வைத்துத் தண்ணீர் தெளித்துத் தட்டினாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “வாயத் தொறந்த, தோல உரிச்சிடுவேன்” என்றாள்.

ஓவர்சியர் வந்தார். ஒவ்வொரு குழியாக அளந்துகொண்டு வந்து எங்கள் குழியில் நின்றார்.

“ஏரியே காஞ்சி கெடக்குது. இந்தத் திட்டு மேல மட்டும் பச்சப் புல்லா?”

அப்பா திட்டைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அவருக்கு அதுவரை தெரியாது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

“யார் அட்ட இது? ஏமாத்துறீங்களா?”

பெரியம்மா நாலு எட்டில் வந்து என் காதைப் பிடித்தாள். “இந்தக் கழுததான் சார். பொம்ம ஊடு கட்றேன்னு காலைலேர்ந்து மண்ண வெச்சி ஆடினு கெடந்துச்சி.”

“நான் இல்ல, அம்மாதான்...” என்று ஆரம்பித்தேன். அதற்குள் அம்மாவின் கை என் முதுகில் விழுந்தது. சத்தம் கரை வரைக்கும் கேட்டிருக்கும். ஆனால் வலிக்கவே இல்லை. அழலாமா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள், “எதுத்துப் பேச்சு வேற” என்று பெரியம்மா மண் அப்பிய கையால் என் வாயை மூடிவிட்டாள்.

ஓவர்சியர் பச்சைக் கட்டியைக் காலால் தள்ளிவிட்டு அளந்தார். குழி கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. “ஒரு ஆம்பள வெட்டுன குழியா இது?” என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அப்பா பக்கத்தில் கிடந்த மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அடியில சுக்கான் கல்லு சார். மம்பட்டி எறங்கல” என்றாள் பெரியம்மா. “என் குழில அதிகமா வெட்டிக்கீது பாரு. எல்லாத்தையும் ஒண்ணா சேத்துப் போடு. நாங்க ஒண்ணாத்தான் வெட்டுறோம்.”

மற்ற பெண்கள் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. கடைசியில், அப்பா ஆர்டர் வாங்குகிறார் என்று சொன்னவளே, “ஆமா சார், சேத்தே போட்டுடு” என்றாள். அப்படிப் போட்டால் எல்லோருடைய கூலியும் கொஞ்சம் கொஞ்சம் குறையும். ஓவர்சியருக்கு எங்கள் ஒற்றுமைமேல் சந்தேகம் வந்ததே தவிர, பிடிக்க ஒன்றும் இல்லை. எழுதிக்கொண்டு போனார்.

வண்டிச் சத்தம் மறைந்ததும் அப்பா மண்வெட்டியை எடுத்து வேகவேகமாக வெட்டத் தொடங்கினார். கொஞ்ச நேரம்தான். பிறகு போனை எடுத்துப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார், காதில் வைத்துக்கொண்டு புதர்ப் பக்கம் நடந்தார். நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். போன் அடிக்கவே இல்லை.

ஒரு கிழவர் தலையைத் தூக்கி, “மறுபடியும் எங்க போறான் அவன்?” என்றார்.

“போன் வந்துக்கீது” என்றாள் பெரியம்மா. “பேசினு வரட்டும். நீ மண்ண அள்ளு தாத்தா.”

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வராத போனை வந்தது என்கிறாளே, இவளும் அப்பாவோடு கூட்டு சேர்ந்துவிட்டாள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. இனிமேல் எதைப் பார்த்தாலும் இவளிடம் சொல்லக்கூடாது என்று முடிவு செய்தேன்.

சாயங்காலம் பெரியம்மா சொன்னபடியே குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்தாள். நான் வாயைத் திறக்காமல் இருப்பதற்காக எனக்கும் கொடுக்கிறாள் என்று தெரிந்தேதான் சாப்பிட்டேன்.