அன்புக்கரசி வைத்திருந்த பழைய தண்ணீர்

எங்கள் பிளாக்கில் அன்புக்கரசியைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அதில் நான் சொல்லித் திரிந்த கதைதான் பெரிய பொய். பொய் என்று தெரியாமலே ஒரு வருஷம் மார்தட்டிக்கொண்டு சொன்னேன். அதனால் அதை நானே சரியாக எழுதிவிடுவதுதான் முறை.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் தரைத்தளத்தில் அவள் வீடு. எதிர்வீடு என்னுடையது. என் பெயர் நீலமேகம், ஹார்பரில் மூட்டை தூக்குகிறவன். அவள் கொடுங்கையூர் குப்பைமேட்டில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தாள். புருஷன் இறந்து பல வருஷம் ஆகிறது. மகள் ஷாலு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலைக்குப் போனாள். குப்பைமேட்டில் எப்போதும் ஏதாவது ஒரு மூலை புகைந்துகொண்டே இருக்கும். பதினோரு வருஷம் அந்தப் புகையில் நின்றதில் அன்புக்கரசிக்கு இருமல் நிரந்தரமாகிவிட்டது, மூக்கும் செத்துவிட்டது. அடுப்பில் கருவாடு தீய்ந்தாலும் அவளுக்குத் தெரியாது. குப்பைமேட்டு வேலைக்கு ஆண்டவன் பார்த்துச் செய்து கொடுத்த வசதி என்று நான் கிண்டல் செய்வேன், அவளும் சிரிப்பாள். இப்போது நினைத்தால் என் வாயை நானே தைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கொளத்தூருக்குப் போவாள். தேவப்பிரியம் என்று ஒருவர், நாகர்கோவில் பக்கத்துக்காரர், அங்கே கலர் மீன் ஷெட் வைத்திருந்தார். அங்கே தொட்டி கழுவுகிற வேலை. ஒருநாள் அவர் பிழைக்காது என்று ஒதுக்கிப் போட்ட இரண்டு டிஸ்கஸ் மீன்களை இவள் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். சின்ன ஊத்தப்பம் அளவுக்கு வட்டமான மீன்கள். அந்த இரண்டையும் எப்படியோ தேற்றிவிட்டாள். அப்புறம் அவை ஜோடியும் சேர்ந்துவிட்டன.

டிஸ்கஸ் மாதிரி வீம்பு பிடித்த மீன் கிடையாது என்பாள். மற்ற மீன் எந்தத் தண்ணீரிலும் கிடந்து சமாளித்துக்கொள்ளும். இதற்குத் தண்ணீர் கொஞ்சம் மாறினாலும் ஆகாது. மாற்றாமல் விட்டாலோ அழுக்கிலேயே செத்துப்போகும். அதனால் வாசலில் ஒரு நீல டிரம் வைத்து, தண்ணீர் பிடித்து, உள்ளே காற்றுக் குழாய் போட்டு, மேலே துணி கட்டி, பிடித்த தேதியை டிரம்மில் சாக்பீஸால் எழுதி வைப்பாள். லாரித் தண்ணீரில் கலக்கிற பிளீச்சிங் மருந்து பறந்துபோய், மூன்று நாள் ஆனால்தான் அது பழைய தண்ணி. அதிலும் நேராக எடுத்து ஊற்றமாட்டாள். ஷாலுவைக் கூப்பிட்டு ஒரு மக் தண்ணீரை முகர்ந்து பார்க்கச் சொல்வாள். மருந்து வாசனை இல்லை என்று மகள் சொன்ன பிறகு, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற டியூப் ஒன்றை மாட்டிச் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குள் விடுவாள்.

2004 கோடையில் அந்த ஜோடி குஞ்சு பொரித்தது. டிஸ்கஸ் குஞ்சு முதல் இரண்டு மூன்று வாரம் தாய் தகப்பன் உடம்பில் ஊறுகிற வழவழப்பைத்தான் தின்று வளரும். இரண்டு மீனும் மாறி மாறி நிற்க, கூட்டமாகக் குஞ்சுகள் அவற்றின் விலாவில் ஒட்டிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். தேவப்பிரியமும் வந்து பார்த்தார். இவை ஒரு மாசம் பிழைத்து வந்தால், குஞ்சு வளர்க்கிற வேலைக்கு அவளைத் தன் ஷெட்டிலேயே வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். குப்பைமேட்டுக்கு இனி போகவேண்டாம். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஊரே தண்ணீருக்குத் தவித்த வருஷம் அது. லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. குஞ்சு பொரித்துப் பத்து நாள் இருக்கும், லாரி நாலு நாளாக வரவில்லை, அப்போது பார்த்து மாடிவீட்டு பீம்ராவ் விடியற்காலையில் மாரடைப்பில் போய்விட்டார். உடம்பைக் குளிப்பாட்ட அவர் மனைவி சொக்கம்மாளிடம் ஒரு குடம் தண்ணீர் இல்லை. யார் வீட்டிலும் இல்லை. அன்புக்கரசி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நான் போய் அவள் வாசலில் நின்றேன். கையில் காலிக் குடம் இருந்தது.

அவள் ஒரு தரம் உள்ளே தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"எட்த்துக்கோண்ணா. வோணும்ன்றத எட்த்துக்கோ," என்றாள்.

மீனுக்குக் கொஞ்சம் வை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமல் லீவு போட்டால் அந்த இடத்துக்கு மறுநாளே வேறு ஆள் வந்துவிடும், அதனால் உடம்பு எடுப்பதற்குள் கேட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று போய்விட்டாள். நாங்கள் டிரம்மை அடிவரை மொண்டோம். பீம்ராவைக் குறையில்லாமல் குளிப்பாட்டினோம்.

மதியம் பன்னிரண்டு மணிக்கு லாரி வந்து நின்றது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. லாரிக்கு முன்னால் போய் நின்றேன். வீட்டுக்கு ஒரு குடம், முதலில் அன்புக்கரசி டிரம்முக்கு, அப்புறம்தான் அவரவர் வீட்டுக்கு என்றேன். நாலு நாள் காய்ந்து கிடந்த ஜனம், ஒருத்தர் முணுமுணுக்கவில்லை. பதினாலு வீட்டுக் குடம் அந்த டிரம்மில் விழுந்தது. சொக்கம்மாள் வீட்டுக் குடத்தை நானே தூக்கிவந்து ஊற்றினேன். டிரம் நிரம்பியதும் துணியை முன்னிருந்தபடியே கட்டினேன். அவள் தானாகப் பார்த்து அசந்துபோகட்டும், யாரும் வாயைத் திறக்காதீர்கள் என்று வேறு எல்லாருக்கும் சொல்லி வைத்தேன். அந்தப் பெருமைக்குத்தான் இன்றுவரை என்னை மன்னிக்க முடியவில்லை.

இரண்டு மணிக்கு அவள் வந்தாள். லாரி வந்துபோனது அவளுக்குத் தெரியாது. டிரம் காலையில் இருந்தது போலவே நிறைந்திருந்தது. சாக்பீஸ் தேதி அழியாமல் அப்படியே இருந்தது. மீனுக்காக நாங்கள் அதைத் தொடாமல் வேறெங்கோ தண்ணீருக்கு அலைந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்து அழுதிருக்கிறாள். தண்ணீர் தீர்ந்துவிடுமே என்று பயந்து இரண்டு நாளாகத் தொட்டிக்குக் கொஞ்சமாகத்தான் மாற்றியிருந்தாள், தொட்டி கலங்கிக் கிடந்தது. முகர்ந்து பார்க்கிற ஷாலு மாடியில் சொக்கம்மாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உடம்பு எடுக்கிற நேரம், டியூப் போட்டுச் சொட்டவிடப் பொழுதில்லை. நாலு நாள் தண்ணீர்தானே என்று பாதித் தொட்டியை இறைத்துவிட்டு மக்கால் மொண்டு ஊற்றி நிரப்பினாள். அப்புறம் மாடிக்கு ஓடி எங்களோடு சாவுக்கு நின்றாள்.

திரும்பி வந்தபோது இரண்டு மீனும் கறுத்துப்போய், துடுப்பை உடம்போடு ஒடுக்கிக்கொண்டு, தண்ணீருக்கு மேலே வாயைத் தூக்கித் தவித்துக்கொண்டிருந்தன. விலாவில் ஒரு குஞ்சுகூட இல்லை. எல்லாம் அடியில் கிடந்தன. ஷாலு வந்து டிரம் துணியை அவிழ்த்ததுமே பிளீச்சிங் நெடி அவள் மூக்கில் ஏறியது. மீனை எடுத்து வேறு தண்ணீரில் விட்டிருந்தால் ஒருவேளை பெரியதுகளாவது பிழைத்திருக்கும். வேறு தண்ணீர் ஏது? பழைய தண்ணி அந்த பிளாக்கிலேயே கிடையாது. இருந்ததையெல்லாம் பீம்ராவ் மேல் ஊற்றியாகிவிட்டது.

இதெல்லாம் தெரியாமல் மறுநாள் காலையில் பல் தெரிய அவள் வீட்டுக்குப் போனேன். தொட்டி மேல் பெட்ஷீட் போட்டு மூடியிருந்தது. டிரம்மைப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தேன், எல்லாரும் சேர்ந்து ஊற்றினார்களாமே, மனசு நிறைந்துவிட்டது என்றாள். மீன் எப்படி என்று கேட்டதற்கு ஏதோ சீக்கு வந்து போய்விட்டது என்றாள். நானும் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். தேவப்பிரியம் இரண்டு வாரம் பார்த்துவிட்டு ஷெட்டுக்கு வேறு ஆளை வைத்துக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

பீம்ராவின் முதல் வருஷ நினைவு நாளில், சாப்பாட்டுப் பந்தியில், பதினாலு குடம் கதையை நான் மறுபடியும் எடுத்தேன். தண்ணியில்லாத காலத்திலும் நம்ம ஜனம் எப்படி நடந்துகொண்டது என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஷாலு இலையிலிருந்து எழுந்து வந்து என் கையைப் பிடித்து வெளியே இழுத்துப்போய், நடந்ததைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். சோற்றுக் கையோடு அன்புக்கரசியைத் தேடிப் போனேன்.

அன்புக்கரசி பாத்திரம் கழுவுகிற இடத்தில் இருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். ஏம்மா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா இன்னா ஆவும்ண்ணா? பதினாலு வூட்லயும் அத்தயே நென்ச்சிகினு கெடப்பாங்க. அடுத்த தபா எங்கனா சாவு வுழுந்தா, குடுக்கலாமா வாணாமான்னு நின்னு ரோசன பண்ணுவாங்க. நீயும்தான் பண்ணுவ. கொடம் தூக்குன கையி தூக்கட்டும், வுடு. சொக்கம்மா காதுல மட்டும் போட்றாத."

அப்புறம் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பந்திக்கு ரசம் எடுத்துப்போனாள். மறுநாள் காலை ஆறு மணிக்கு வழக்கம்போல் கொடுங்கையூருக்குக் கிளம்பினாள். மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்குகிற நாள் வரும்வரை, இன்னும் நாலு வருஷம் போனாள்.