எழுபத்திரண்டில் ஒரு பங்கு சித்தப்பா

போன மாதம் ஆரணியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மணப்பெண் அறையில் தோழிகள் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து, நகப்பூச்சை அழிப்பதும் வேறு நிறம் பூசுவதுமாக இருந்தார்கள். அந்த அழிப்பான் நெடி குப்பென்று மூக்கில் ஏறியது.

"ஆன்ட்டி, நாத்தம் தாங்கலியா? ஜன்னலத் தொறக்கட்டா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வேணாம்மா, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தன் நகத்துக்குத் திரும்பிவிட்டாள்.

சிரிக்காதீர்கள், எனக்கு அது பசிபிக் போரின் வாசனை. உண்மையான போர் எப்படி நாறியிருக்கும் என்று எனக்கு என்ன தெரியும்? நான் பிறப்பதற்குப் பத்து வருஷம் முன்பே அது முடிந்துவிட்டது. நான் நடத்திய போர் எழுபதுகளின் கடைசியில், ஜமுனாமரத்தூரில், அரசுப் பள்ளி ஆசிரியர் குடியிருப்பின் பின்னறையில், நாலடிக்கு மூன்றடிப் பலகையின்மேல் நடந்தது. கையில் இருந்த ஆயுதங்கள் பாதி பிளேடு, ஊக்கு, நகவெட்டி. சாயங்கள் பெரும்பாலும் சுலோச்சனாவுடையவை.

சுலோச்சனா ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ். எனக்குப் பூகோள டீச்சர் வேலை. மலைமேல் தனியாக வந்த இரண்டு பெண்கள் என்பதால் ஒரே குடியிருப்பில் சேர்ந்து தங்கினோம். அவளிடம் நகப்பூச்சுக் குப்பி எப்போதும் மூன்று இருக்கும். ஊசி போடுகிற விரலில் யார் பார்ப்பார்கள் என்று கேட்டால், "நான் பார்க்கிறேன் இல்ல?" என்பாள். அவளுடைய சிவப்புதான் ஜப்பான் கொடியின் நடுவில் இருந்த சூரியன். பச்சைக்கு மட்டும் சைக்கிள் கடை எனாமல்.

இந்தப் பைத்தியம் பிடித்ததற்கு முழுக்காரணம் என் அண்ணன். சரக்குக் கப்பலில் சமையல்காரர். கண்ணமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கப்பலில் இருந்து லீவில் வரும்போது மற்றவர்கள் டேப் ரிக்கார்டர் கொண்டுவருவார்கள். அண்ணன் ஒரு தடவை ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். தான் வேலை செய்கிற கப்பல் எப்படி இருக்கும் என்று தங்கைக்குக் காட்ட வேண்டுமாம். ஜப்பானில் ஏதோ துறைமுகக் கடையில், கடை மூடுகிற அவசரத்தில், மேலே கப்பல் படம் போட்ட பெட்டியாகப் பார்த்து வாங்கிவிட்டார். திறந்தால் சமையலறையும் இல்லை, சரக்கும் இல்லை. சுற்றிலும் பீரங்கி. போர்க்கப்பல்.

"அட, தப்பா வாங்கியாந்துட்டேன் போல. தூக்கிப் போட்டுடு" என்றார்.

நான் போடவில்லை. அரைப்பரீட்சை லீவு முழுவதும் உட்கார்ந்து ஒட்டினேன். பெட்டியின் மூலையில் 1/700 என்று அச்சிட்டிருந்தது. பூகோளம் சொல்லித்தருகிறவளுக்கு அது புதிதா என்ன? வரைபடத்துக்கு அளவுகோல் மாதிரி கப்பலுக்கும் ஒன்று. ஒரு முழம் நீளக் கப்பல், உண்மையில் எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்து சந்தைமேடு வரைக்கும் இருக்கும். ஆனால் அந்த அளவில் மனிதன் எள்ளின் நீளம்கூட இல்லை. கப்பல் பிரமாதமாக இருந்தது. அதில் ஆள் இல்லாததுதான் எனக்கு உறுத்தியது.

அண்ணனுக்கு எழுதினேன். அடுத்த தடவை 1/35 கொண்டுவந்தார். இரண்டே சிப்பாய்கள், ஒவ்வொருவனும் கட்டைவிரல் உயரம். சட்டைப் பொத்தானை எண்ணலாம், புருவம் எழுதலாம். "இது நல்லாக்குதே, பெருசா வாங்கியாறட்டா இனிமே?" என்றார். நான் வேண்டாம் என்றேன். 1/72 தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். இரண்டு சென்டிமீட்டர் சொச்சம் உயரம். காரணம் கேட்டவர்களுக்கெல்லாம், பலகையில் இடம் போதாது, ஒரு கடற்கரை, நாலு படகு, ஐம்பது ஆள் வைக்க அதுதான் தோது என்று சொல்லிவைத்தேன். அதுவும் பொய் இல்லை. அந்த நாளில் இன்னொரு தொல்லை இருந்தது. சில பெட்டிகளில் சிப்பாய்கள் 1/76 ஆக வந்துவிடுவார்கள். பக்கத்தில் நிறுத்தினால் ஒரு மில்லிமீட்டர் குள்ளம். அந்த ஒரு மில்லிமீட்டருக்காக நான் அண்ணனுக்கு மூன்று பக்கம் கோபமாக எழுதியிருக்கிறேன். கப்பலில் இருந்த எல்லாருக்கும் அதைப் படித்துக் காட்டிச் சிரித்தாராம்.

உண்மையான காரணத்தைச் சுலோச்சனாவிடம் மட்டும் சொன்னேன்.

எங்கள் அப்பாவுக்கு ஒரு தம்பி. கோவிந்தசாமி. பட்டாளத்தில் சேர்ந்து சிங்கப்பூர் போனார். சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பான்காரர்களிடம் பிடிபட்டார். "காணவில்லை" என்று ஒரு தந்தி வந்தது. போர் முடிந்து ஊர் திரும்பிய வேலூர்க்காரர் ஒருவர் அப்பாவைத் தேடிவந்து, தங்களைக் கப்பலில் ஏற்றி நியூகினித் தீவுக்குக் கொண்டுபோனதாகவும், அங்கே விமானத்தளம் போட மண் சுமந்ததாகவும், கோவிந்தசாமி ஒரு நாள் மூட்டையோடு காட்டுக்குள் போனவன் திரும்பவில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். பட்டாளத்தில் எடுத்து அனுப்பிய ஒரே போட்டோவைக் கரையான் தின்றுவிட்டது. தொப்பியும் ஒரு காதும்தான் மிச்சம். முகம் இருந்த இடத்தில் ஓட்டை.

1/35 இல் முகம் எழுதியே ஆக வேண்டும். 1/72 இல் முகம் என்பது மாநிறத்தில் ஒரு புள்ளி. யாரும் குறை சொல்ல முடியாது.

அண்ணன் கொண்டுவந்த எந்தப் பெட்டியிலும் சித்தப்பா இல்லை. அமெரிக்கன் இருந்தான், ஜப்பான்காரன் இருந்தான், ஆஸ்திரேலியாக்காரன்கூட இருந்தான். மண் சுமந்தவனுக்குப் பெட்டி போட எந்த ஊர் முதலாளிக்கும் தோன்றவில்லை. போடாவிட்டால் போங்கள், நானே செய்துகொள்கிறேன் என்று வீம்பு வந்துவிட்டது. ஏழு அமெரிக்கர்களை எடுத்து, துப்பாக்கியைச் சீவி, ஹெல்மெட்டைச் சீவி, வயிற்றைப் பிளேடால் சுரண்டி ஒட்டிப்போக வைத்தேன். அமெரிக்கர்கள் நன்றாகச் சாப்பிட்டவர்கள். சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது. சுலோச்சனா கட்டுத் துணியில் நூல் பிரித்துக் கொடுத்தாள். அதைப் பசையில் நனைத்து இடுப்பில் சுற்றிக் கோவணம் ஆக்கினேன். தோளில் சோற்றுப் பருக்கை அளவு மூட்டை. கைதிகள் குடிசைக்குச் சாமை வைக்கோல் கூரை.

"இன்னாடி இது, ஊசி போட்டாக்கூடத் தாங்க மாட்டாங்க போலக்குது" என்று சுலோச்சனா ஏழு பேரையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் போலீஸ் வந்தது.

அந்த நாட்களில் மலையடிவாரக் கிராமங்களில் தீவிரவாதிகளைத் தேடுகிறோம் என்று போலீஸ் நடமாட்டம் அதிகம். வெளியூரில் இருந்து வந்து தங்கியிருப்பவர்கள்மேல் ஒரு கண். டீச்சரம்மா ரூமில் மேப்பு இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. ஒரு சந்தை நாளில், பகல் பதினோரு மணிக்கு, ஜீப் வந்து நின்றது. ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ஒரு ரைட்டர், இரண்டு கான்ஸ்டபிள்கள். வகுப்பில் இருந்த என்னை ஆள் விட்டு வரவழைத்தார்கள். சந்தைக்கு வந்த கூட்டத்தில் பாதி எங்கள் வாசலில்.

எனக்குப் பயம்தான். அதை இப்போது மறைப்பானேன்? ஆனால் வழிவிடவில்லை. "உள்ள பொம்பளைங்க ரூமு சார். நர்ஸம்மா வந்தப்புறம் வாங்க" என்று சொல்லிவிட்டு வாசற்படியிலேயே நின்றுகொண்டேன். சுலோச்சனா வரும்வரை அரைமணி நேரம் வெயிலில் நின்றார்கள்.

உள்ளே வந்த சப்-இன்ஸ்பெக்டர் பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு என் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். அதில் நான் எழுதி வைத்திருந்ததை உரக்கப் படித்தார். "வடக்கு முனையில் ஆள் போதாது. இன்னும் பன்னிரண்டு பேர் வேண்டும். அண்ணனுக்கு எழுத வேண்டும். பாலத்தை உடைத்துவிடலாம்."

சொந்தக் கையெழுத்தைக் கேட்டு நான் அப்படிப் பயந்தது இல்லை.

"எந்தப் பாலம்? அண்ணன் யாரு?"

"இதோ இந்த அட்டைப் பாலங்க சார், சரியா வரல. அண்ணன் கப்பல்ல சமையல் பண்றாரு."

"ஒன்னு பை எழுவத்திரெண்டுன்னு பக்கத்துக்குப் பக்கம் எழுதிக்கிறியே, அது இன்னா ரகசியக் கோடு?"

"அளவுங்க சார். அஞ்சரை அடி ஆளு இத்தனூண்டு ஆவறதுக்குக் கணக்கு."

நம்பினாரோ இல்லையோ, மேலே காட்டாமல் விட முடியாது என்றார். கான்ஸ்டபிள் ஒருவர் சாக்கை விரித்தார்.

அந்தச் சாக்கைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ கழன்றுகொண்டது. "சாக்குல போடக்கூடாது" என்று கத்திவிட்டேன். "ஒவ்வொண்ணா லிஸ்ட் எழுதுங்க. கையெழுத்துப் போட்டு எங்கிட்ட ஒரு காப்பி குடுங்க. அப்புறம் டப்பாவுல வெச்சி எடுத்துட்டுப் போங்க. இல்லன்னா நானும் ஜீப்ல ஏறுவேன்."

"பொம்மைக்கு லிஸ்டா?"

"பொம்மைன்னா இங்கயே வுட்டுட்டுப் போங்க சார்."

சுலோச்சனா முதுகுக்குப் பின்னால் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். சப்-இன்ஸ்பெக்டர் ரைட்டரைப் பார்த்துத் தலையாட்டினார். ரைட்டர் வயதானவர், கார்பன் தாளை நாக்கில் தொட்டுப் பிரித்து, என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். தரையிறங்கு படகு நான்கு. ஜப்பான் சிப்பாய் நிற்பது ஒன்பது, படுத்திருப்பது ஐந்து. அமெரிக்கச் சிப்பாய் ஓடுவது பதினாறு. இரண்டு மணி நேரம் எழுதினார். கடைசியில் கைதிகளிடம் வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒருவரைத் தூக்கிப் பார்த்தார்.

"இவங்க எந்தப் பக்கம்மா? ஜப்பானா, அமெரிக்காவா?"

"எந்தப் பக்கமும் இல்லீங்க. இவரு கண்ணமங்கலம்."

யாரும் சிரிக்கவில்லை. நான் சொன்னேன், சித்தப்பா பற்றித் தெரிந்த அந்த நாலு வரியையும். சொல்லிவிட்டு, "மத்ததுக்கு வேணாம். இவருக்குப் பேர் எழுதுங்க" என்றேன்.

ரைட்டர் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரைட்டர் பேனாவை உதறிக்கொண்டு, முப்பது வருஷப் பழக்கத்தில், "தகப்பனார் பேரு?" என்று கேட்டார்.

"முனுசாமி."

கைதி, கோவிந்தசாமி, த/பெ முனுசாமி, கண்ணமங்கலம், ஒன்று. அப்படியே எழுதினார்.

மறுநாள் தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர், பயந்த மனிதர். "இனிமே இந்த மாதிரி சாமானெல்லாம் வெச்சிக்க மாட்டேன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடும்மா. பிரச்சனை முடிஞ்சிரும்."

"எழுத மாட்டேன் சார்."

"டிரான்ஸ்பர் வரும்."

"வரட்டும் சார். பூகோளம் எல்லா ஊர்லயும் இருக்குது."

போலீஸ் வந்த வீடு என்று கேள்விப்பட்டு, பெண் பார்த்துவிட்டுப் போயிருந்த போளூர் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கினார்கள். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிட்டேன் என்று எழுத ஆசைதான். அது உண்மையாக இருக்காது.

ஒவ்வொரு வாரமும் சந்தை நாளில் பள்ளி விட்டதும் ஸ்டேஷனுக்குப் போவேன். பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்துவேன். "இன்னும் மேல இருந்து வரலம்மா" என்பார்கள். சரி என்று அடுத்த தாளை எடுப்பேன். முதல் வாரம் யாரும் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் வாரம் டீ வந்தது. ஏழாம் வாரம் பெட்டிகள் வந்தன. மேலதிகாரி திறந்து பார்த்துவிட்டு, படகு நன்றாக ஒட்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னாராம்.

நான் அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை. லிஸ்டை விரித்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒரு படகின் முன்கதவு உடைந்திருந்தது. ஓடுகிற அமெரிக்கர்களில் இரண்டு பேர் குறைந்தார்கள். ரைட்டர் சங்கடப்பட்டார். "பரவால்லீங்க, அமெரிக்காவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றேன். அன்றுதான் சப்-இன்ஸ்பெக்டர் சிரித்துப் பார்த்தேன். கோவிந்தசாமி தனியாக ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்து வந்திருந்தார். யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஸ்டேஷன் தாளின் அடியில், மேற்படி நபர் உட்பட அனைத்தும் பெற்றுக்கொண்டேன் என்று நான்தான் எழுதினேன். நபர் என்ற வார்த்தையை ரைட்டர் அடிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அந்தப் பலகையை ஆறாம் வகுப்பில் கொண்டுபோய் வைத்துத் தீவுகள் பாடம் நடத்தினேன். தலைமையாசிரியர் கதவோரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். டிரான்ஸ்பர் வந்தது, ஆனால் நாலு வருஷம் கழித்து, நானே கேட்டு.

போன வருஷம் ஜமுனாமரத்தூர் போயிருந்தேன். அந்த ஓட்டு வீட்டுக் குடியிருப்பு இல்லை. சிமெண்ட் கட்டடம் நிற்கிறது. அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். சுலோச்சனாவும் இல்லை. என் காப்பி, அடுத்தடுத்து வீடு மாற்றியதில் எந்த ஊரில் விழுந்ததோ. ஸ்டேஷனிலாவது மூலப்படி இருக்குமா என்று கேட்கப் போனேன். புதுக் கட்டடம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் கான்ஸ்டபிள் மரியாதையாக எழுந்து நின்று கேட்டுவிட்டு, "அந்தக் காலத்து ரெக்கார்டெல்லாம் கழிச்சிட்டாங்க மேடம்" என்றாள். "முக்கியமான கேஸா மேடம்?"

ஆமாம் என்றேன். சர்க்கார் எங்கள் சித்தப்பாவை இரண்டு தடவை கொண்டுபோனது. ஒரு தடவைதான் திருப்பிக் கொடுத்தது. கொடுத்ததற்கு நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். அந்தத் தாள்தான் இப்போது எங்கேயும் இல்லை.