இரண்டாம் பக்கத்தில் நின்றவள்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் லண்டன் செவன் கிங்ஸில் தவமலரிடம் கேட்டுப் பார்க்கலாம். பியானோ என்றாலே அவருக்கு இன்றைக்கும் குமட்டும்.

1988 ஒக்டோபர், செவ்வாய்க்கிழமை. சரஸ்வதி பூசைக்கு ஏடும் வாத்தியமும் வைக்கும் நாள். வெள்ளிக்கிழமை மகள் ரமாவுக்குப் பியானோ எட்டாம் கிரேட் பரீட்சை. பாஸாக வேண்டுமென்று தவமலர் நேர்த்திகூட வைத்திருந்தார். ரமா வாசித்தது, பழைய கதைப்பாட்டு ஒன்றைப் படித்துவிட்டு எவரோ எழுதிய இசை. புருஷன் குளத்தில் அமிழ்த்திக் கொன்ற பெண் எழுந்து வீட்டுக்கு வருகிறாள். முதல் பக்கம் குளம். இரண்டாம் பக்கம் நடை. கடைசிப் பக்கம் வீட்டு வாசல்.

சொல்லிக்கொடுத்த பியற்றிஸ் ரீச்சர் அடிக்கடி சொல்வார். "கதையைப் பாதியில விடாதையும் பிள்ளை. அவளை வீட்டை கொண்டுபோய்ச் சேர்த்திட்டுத்தான் கை எடுக்கவேணும்."

மாலை 4.10. ரமா இரண்டாம் பக்கத்தில் இருந்தாள்.

"காணும், எழும்பு. பூசைக்கு வைக்கவேணும்."

"அம்மா, இன்னும் ஒரு பக்கம்தான்..."

"நல்ல நேரம் போகுது!"

தவமலர் மூடியைச் சாத்தினார். சந்தனப் பொட்டு வைத்து, வெள்ளைத் துணி விரித்தார். விஜயதசமி வரை இனி எவரும் தொடக்கூடாது.

மறுநாள். அதே 4.10. ரமா இன்னும் வீட்டுக்கு வரவில்லை. குசினியில் கடலை அவித்துக்கொண்டிருந்த தவமலருக்கு முதலில் நாற்றம்தான் வந்தது. பல நாள் மாற்றாத பூச்சாடித் தண்ணீரின் நாற்றம். பிறகு சத்தம்...

டொங்... சளக்.

டொங்... சளக்.

மூடிய பியானோவுக்குள் யாரோ ஈரக் காலோடு நடந்தார்கள்.

துணியை இழுத்து மூடியைத் திறந்தார். சத்தம் நின்றது. கட்டைகளெல்லாம் ஈரம். மீன் தோல்போல் வழுவழுத்தன. இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஒரு மயிர். இழுத்தார்.

வந்தது... வந்துகொண்டே இருந்தது...

நுனியில் தோல்.

சீ!

அங்கேயே வாந்தி எடுத்தார்.

எல்லாவற்றையும் டெற்றோல் ஊற்றித் துடைத்தார். ரமாவிடம் மூச்சு விடவில்லை. பிள்ளை பயந்தால் பரீட்சை போய்விடுமே! எட்டாம் கிரேட் என்றால் நம்மவர்களுக்கு அப்படியொரு வெறி.

வெள்ளிக்கிழமை ரமா தனியாகப் போய் வாசித்துவிட்டு வந்தாள்.

மூன்று கிழமை கழித்துக் கடிதம் வந்தது. பாஸ்! தவமலர் சாமிப்படத்தடியில் வைக்கப் போனார். அப்போதுதான் பரீட்சகர் கீழே கையால் எழுதியிருந்ததைப் பார்த்தார்.

'கதையை உணர்ந்து வாசித்தார். பக்கம் திருப்பிய பெண்மணி மட்டும் தலையைத் துவட்டிவிட்டு வந்திருக்கலாம். பியானோ நனைந்துவிட்டது.'

"ரமா... அண்டைக்கு உனக்கு ஆர் பக்கம் திருப்பினது?"

"ஒருத்தரும் இல்லையம்மா. நான் புத்தகமே கொண்டுபோகேல்லை. பாடமாக்கித்தான் வாசிச்சனான்."