நாற்பத்து மூன்று முறை பார்த்த பக்கம்

அவரை அலுவலகத்தில் எல்லோரும் ‘தராசு’ என்றுதான் கூப்பிடுவார்கள். லாரியை ஏற்றி நிறுக்கும் எடை மேடையிலிருந்து மேசைத் தராசு வரை பத்தொன்பது வருடமாகத் தொழிற்சாலைகளுக்கு விற்று வருபவர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். இரண்டாவது, வாடிக்கையாளர் கையெழுத்துப் போட. நிதானமானவர், ஒரு பக்கமாகச் சாய மாட்டார் என்று பெயர். சகலை விஷயத்தில் மட்டும் அந்தப் பெயர் செல்லாது.

சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவர், அட்டைப்பெட்டித் தொழிற்சாலை வைத்திருக்கிறார். பன்னிரண்டு வருடம் முன்பு ஒரு வாடகைக் கொட்டகையில் ஆரம்பித்தார். படிவங்களை நிரப்ப ஆள் தெரியாமல் அவர் முழித்தபோது, உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தவர் தராசுதான். இன்றைக்கு மாமியார் வீட்டு வாசலில் சகலையின் கார் நின்றால், தராசு தன் ஸ்கூட்டரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருவார். மாமியாரின் தம்பி வேறு, “மூத்தது மோழை, இளையது காளை” என்று மாட்டைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்லிவைப்பார். அந்த வீட்டில் மாடு கிடையாது.

இந்த நிலையில்தான் அலுவலகத்தில் மென்பொருள் பேச்சு வந்தது. எந்த நிறுவனம் வளர்கிறது, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், யாரைக் கூப்பிட்டால் பொருள் விற்கலாம் என்றெல்லாம் தேடித் தரும் மென்பொருள். மூன்று பேர் விற்க வந்தார்கள். மூவரும் இரண்டு வாரம் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னார்கள். மேலாளர் அம்மாள் தராசைக் கூப்பிட்டார்.

“உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச முப்பது கம்பெனிய எடுத்துக்குங்க. மூணு சாஃப்ட்வேரும் அதுங்களப் பத்தி என்ன சொல்லுதுன்னு பாத்து மார்க் போடுங்க. வாங்கினப்புறம் இதுக்குன்னு ஒரு பிரிவு வரும். அதுக்கு ஹெட் வேணும். இந்த வேலைய எப்படிச் செய்றீங்கன்னு பாத்துட்டு அதப் பேசலாம்.”

பிரிவுத் தலைவர். தராசு அன்றே மனத்துக்குள் அந்த வார்த்தையை மாமியார் வீட்டுக் கூடத்தில் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டார். இருபத்தொன்பது நிறுவனங்களை எழுதினார். முப்பதாவதாகச் சகலையின் நிறுவனத்தை எழுதினார்.

திரையின் நிறத்தை வைத்து மூன்றுக்கும் நீலம், பச்சை, ஆரஞ்சு என்று பெயராகிவிட்டது. சகலையின் நிறுவனத்தை ஆரஞ்சுக்குத் தெரியவே இல்லை. நீலம், ‘ஊழியர்கள் 160, ஏறுமுகம்’ என்றது. தராசு அந்தப் பக்கத்தை உடனே மூடினார். பச்சையைத் திறந்தார். ‘ஊழியர்கள் 14, இறங்குமுகம்.’

நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அப்படியா சங்கதி! அந்தக் கார், அந்தக் கைக்கடிகாரம், எல்லாம் வெளிப்பூச்சுதானா?

அதற்குப் பிறகு அவர் போட்ட மதிப்பெண்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். கிடங்கு அதிகாரி ஒருவர் போன மாதம் ஓய்வு பெற்றது நீலத்துக்குத் தெரியவில்லை என்று இரண்டு மதிப்பெண் குறைத்தார். நான்கு வருடம் முன்பே மூடிய பிஸ்கட் தொழிற்சாலை ஓஹோவென்று ஓடுவதாகப் பச்சை சொன்னது. ‘சிறு பிழை, திருத்திக்கொள்ளலாம்’ என்று எழுதினார். பச்சைக்குப் பத்துக்கு ஒன்பது. நீலத்துக்கு நாலு.

தினமும் காலையில் வந்ததும், டீ வருவதற்கு முன், பச்சையில் அந்தப் பக்கத்தை ஒரு தடவை திறந்து பார்ப்பார். மதியம் ஒரு தடவை. எவனாவது எரிச்சலூட்டினால் இன்னொரு தடவை. பதினான்கு பதினான்காகவே இருக்கும். மனசு ஆறும்.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுச் சாப்பாட்டில் அவரால் அடக்க முடியவில்லை.

“என்ன தம்பி, ஆளெல்லாம் குறைச்சிட்டியாமே?”

“யாருண்ணா சொன்னது?” சகலை தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினார். “இன்னும் இருபது பேர் தேடிட்டு இருக்கேன். தெரிஞ்சவங்க இருந்தா அனுப்புங்க.”

பாவம், என்னமாய்ச் சமாளிக்கிறான் என்று தராசு நினைத்துக்கொண்டார். அன்று அவருக்குச் சோறு ஒரு பிடி கூடுதலாகவே இறங்கியது.

வெள்ளிக்கிழமை கூட்டம். கணினிப் பொறுப்பாளர், ‘வயர்’ என்று பெயர், யார் எதை எத்தனை முறை பார்த்தார்கள் என்ற பட்டியலைச் சுவரில் ஒளிரவிட்டார். பச்சையின் விற்பனையாளர் அனுப்பிவைத்த பட்டியல். இப்படி ஒன்று உண்டு என்பதே தராசுக்குத் தெரியாது. மற்ற நிறுவனங்களுக்கு நேராக ஒன்று, இரண்டு என்று இருந்தது. அட்டைப்பெட்டி நிறுவனத்துக்கு நேராக நாற்பத்து மூன்று.

“நாப்பத்து மூணு தடவையா?” மேலாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். “பெரிய ஆர்டரோ?”

“இல்ல மேடம்… சும்மா, டெஸ்டுக்கு.”

“நீலம் நூத்தி அறுபதுங்குது, பச்சை பதினாலுங்குது. எது சரி?”

“பச்சைதான் மேடம். எனக்குத் தெரிஞ்ச கம்பெனி.”

“போன் பண்ணிக் கேட்டீங்களா?”

“சார் காதலிக்கே இத்தனை தடவ போன் பண்ணிருக்க மாட்டாரு,” என்றார் வயர்.

“பக்கத்தப் பாக்கத்தான் செஞ்சாரு, போன் பண்ணலையே!” மேலாளர் மேசைத் தொலைபேசியை இழுத்தார். “நம்பர்தான் பச்சையோட அந்தப் பக்கத்துலயே இருக்கே. ஒரே நிமிஷம்.”

எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அழுத்தினார். நான்காவது இலக்கத்தில் தராசுக்கு எங்கோ உறைத்தது. ஆறாவதில் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். நாற்பத்து மூன்று முறை அந்தப் பக்கத்தைப் பார்த்தவர், ஊழியர் எண்ணிக்கைக்குக் கீழே இருந்த அந்த வரியை ஒருமுறைகூடப் படித்திருக்கவில்லை. விற்பனைக்காரன் முதலில் படிக்க வேண்டிய வரி அதுதான்.

ஒலிபெருக்கியில் மணி அடித்தது.

“ஹலோ, யாருங்க?” தராசின் மனைவி.

“அட்டைப்பெட்டி கம்பெனிங்களா?”

“அய்யோ, அது என் தங்கச்சி வீட்டுக்காரர் கம்பெனிங்க. ஆரம்பிச்சப்ப அவங்க கொட்டகைக்கு போன் லைன் வரல. எங்க வீட்டுக்காரர்தான் ஃபாரமெல்லாம் நிரப்பி எங்க வீட்டு நம்பரக் குடுத்தாரு. அப்ப பதினாலு பேரு. இப்ப நூத்தி அறுபது பேருங்க! எல்லாம் மாமா கைராசின்னு தங்கச்சி இன்னைக்கும் சொல்லுவா. என்ன விஷயமாக் கூப்பிட்டீங்க?”

“எடை மேடை விஷயமா.”

“எடை மேடையா? எங்க வீட்டுக்காரர் அதாங்க விக்கிறாரு! நல்ல மனுஷன், ஏமாத்த மாட்டாரு. நம்பர் தரட்டுங்களா?”

“சொல்லுங்க” என்று மேலாளர் எழுதத் தொடங்கினார். பாதி எண்ணில் பேனா நின்றது. தலை நிமிர்ந்து தராசைப் பார்த்தார். மீதி எண்ணையும் எழுதி, நன்றி சொல்லி வைத்தார். வயர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பச்சை பன்னிரண்டு வருடப் பழைய படிவத்தை எங்கிருந்தோ கிளறி எடுத்து வைத்திருந்தது. இரண்டு வாரமாக அவர் ரசித்துப் பார்த்த பதினான்கு, அவரே எழுதிக் கொடுத்த பதினான்கு.

மேலாளர் மதிப்பெண் தாளை அவர் பக்கம் தள்ளினார். “திருத்துங்க. ஏன் திருத்துறீங்கன்னும் எழுதுங்க.”

தராசு இரண்டாவது பேனாவை எடுத்தார். பச்சையின் ஒன்பதை அடித்து மூன்று என்று எழுதினார். நீலத்தின் நாலை அடித்து எட்டு. காரணம் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனா நின்றது. பிறகு ஒரே சொல்லை எழுதினார்: ‘சகலை.’

மேலாளர் படித்தார். தராசு எதிர்பார்க்காதபடி சிரித்துவிட்டார்.

“உங்களுக்குச் சகலை, எனக்கு ஓரகத்தி” என்றார் அவர். உடனே முகம் பழையபடி ஆனது. “நீலத்தையே வாங்கிடலாம். ஆனா அந்த ஹெட் வேலைய இப்ப உங்களுக்குக் குடுக்க முடியாது. நூத்தி அறுபது பேர் வேலை செய்ற இடம், லோடு லோடாக் காகிதம் வரும். நம்ம மேடை ஒண்ணுகூட அங்க இல்ல. அந்த ஆர்டரோட வாங்க. அப்புறம் பேசலாம்.”

ஆக, எந்தப் பதவியைச் சகலையின் முகத்துக்கு நேராக நீட்டிக் காட்ட நினைத்தாரோ, அது இனி சகலையின் கையிலிருந்துதான் வர வேண்டும்.

மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி ஓடி வந்தார்.

“என்னங்க, ஒரு அம்மா எடை மேடை வேணும்னு போன் பண்ணாங்க. உங்க நம்பரக் குடுத்தேன். கூப்பிட்டாங்களா?”

“கூப்பிட்டாங்க.”

“ஆர்டர் கிடைக்குமா?”

“உன் தங்கச்சி வீட்டுக்காரன் மனசு வைக்கணும்.”

மனைவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தராசு செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கைபேசியை எடுத்தார். சகலையின் எண் அவருக்கு மனப்பாடம்.

“சொல்லுங்கண்ணா!” முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். அதுவும் தராசுக்குப் பிடிக்கவில்லை.

“நாளைக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையா வர்றேன் தம்பி. இருப்பியா?”

“உங்களுக்கு இல்லாமயா? கார் அனுப்பட்டுமாண்ணா?”

“வேணாம்,” என்றார் தராசு. “ஸ்கூட்டர்ல வந்துக்கிறேன்.”