விடிந்தால் புதன்

தல்லாகுளத்தில் ஒரு கல்யாணத் தகவல் நிலையத்துக்கு வெப்சைட் செய்து கொடுத்ததுதான் என் முதல் வேலை. இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள். பிறந்த தேதியையும் நேரத்தையும் தட்டினால் நட்சத்திரத்தைக் கணித்துக் காட்டும் ஃபாரம் அது. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் நிலையத்துக்கே வந்து தட்டுவார்கள்.

அதிலிருந்த தேதிப் பெட்டியைப் பற்றி எனக்கு ஏகப்பட்ட கர்வம். பிப்ரவரி முப்பது என்று போட்டால் சிவப்பு எழுத்தில் திட்டும். ஆனால் வருகிறவர்கள் எங்கே நான் நினைத்தபடி தட்டினார்கள்? ஒருவர் புள்ளி வைப்பார், இன்னொருவர் கோடு போடுவார், ஒரு பெரியவர் 'ஆடி பதினெட்டு' என்றே போட்டார். திரை முழுக்க ஒரே சிவப்பு. நிலையம் நடத்திய அக்கா, "ஏம்மா, வாரவங்கள வெரட்டத்தான் இம்புட்டு வேல பாத்தியா?" என்று கேட்டுவிட்டார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். புள்ளி, கோடு, தமிழ் மாதம் எது வந்தாலும் ஒரே வடிவத்துக்கு மாற்றும்படி திருத்தி எழுதினேன். இனி ஒரு தப்பான தேதிகூட உள்ளே நுழையாது என்று மார்தட்டிக்கொண்டேன்.

நுழைந்தது என் தேதியேதான்.

அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் என் விவரத்தையும் அதில் ஏற்றியிருந்தேன். அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவரின் வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் கெடைக்குமா?" என்று கூச்சமில்லாமல் கேட்டார். அந்த நிமிடமே எனக்குப் பிடித்துப்போயிற்று.

மறுவாரம் அவருடைய அம்மா நிலையத்துக்கே வந்து நின்றார். ஒரு கையில் ஜோசியர் கையால் எழுதிய என் ஜாதகம், மறு கையில் வெப்சைட் பிரிண்ட். "இதுல மகம், அதுல ஆயில்யம். ஏத்தா, ஒரு பிள்ளைக்கு ரெண்டு நட்சத்திரமா?" ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்பார்கள். ஜாதகத்தைத் திருத்தி ஏமாற்றுகிறோம் என்றே அவர் முடிவு கட்டியிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஜாதகத்தை வாங்கிப் பார்த்தேன். 'செவ்வாய் இரவு இரண்டு மணி, விடிந்தால் புதன்.' எங்களுக்குப் பொழுது விடிந்தால்தான் மறுநாள். அதனால் செவ்வாய்க்கிழமைத் தேதியையே என் பிறந்தநாளாகச் சொல்லி வளர்த்திருந்தார் அம்மா. கம்ப்யூட்டருக்கோ நள்ளிரவிலேயே நாள் மாறிவிடும். செவ்வாய், இரண்டு மணி என்றதும் அது என்னை ஒரு நாள் முன்னதாகப் பிறக்க வைத்துவிட்டது. தேதியில் பிழையே இல்லாததால் சிவப்பு எழுத்தும் வரவில்லை.

சொன்னால் நம்புவாரா? "உங்க மகன் எப்பம்மா பொறந்தாரு?" என்றேன்.

"ஞாயித்துக்கெழம ராத்திரி, கோழி கூப்புடுற நேரம்."

அவர் சொன்ன ஞாயிற்றுக்கிழமைத் தேதியையும் காலை நாலு மணியையும் தட்டினேன். கார்த்திகை என்றது திரை.

"எம்மகன் ரோகிணியாச்சே! என்ன எழவு மிஷினு இது?"

"விடிஞ்சா என்ன கெழமம்மா?"

"விடிஞ்சா திங்க..." என்றவர் வாயில் கைவைத்துக்கொண்டார். திங்களுக்கு மாற்றினேன், ரோகிணி வந்தது. என் தேதியைப் புதனுக்கு மாற்றினேன், மகம் வந்தது. "அட, மிஷினுக்கு விடியறதே தெரியல!" என்று அவர் சிரித்த சிரிப்பில் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அன்றே ஃபாரத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்தேன்: 'இரவில் பிறந்தவரா? விடிந்தால் என்ன கிழமை?'

கல்யாணம் ஆன முதல் வருடம், என் பிறந்தநாள் எது என்று வீட்டில் பெரிய வாக்குவாதம். மாமியார்தான் தீர்த்துவைத்தார். இன்றுவரை அடுத்தடுத்து இரண்டு நாளும் எனக்குப் பாயசம் உண்டு. முதல் நாள் டம்ளரை நீட்டும்போது, "இது ஆயில்யத்துக்காரிக்கு" என்பார்.