செண்பகவல்லி ஏன் திரும்பிப் போகவில்லை?

ஸ்ரீரங்கத்தில் கடைசி ஆள் படியிறங்குவதற்குள் முருகானந்தம் என்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கின் மேல் நாவலை விரித்துவிடுகிறார். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்குகிறது. இடது கை தன்பாட்டுக்குக் கியர் கம்பியின் குமிழைத் தடவிக்கொண்டிருக்கிறது. கதை சூடுபிடிக்கும் பக்கங்களில் அந்தக் கை அப்படியே நின்றுவிடும். அடுத்த டிரிப்புக்கு விசில் ஊதுமுன் கண்டக்டர் டோமினிக் அந்தக் கையைத்தான் பார்க்கிறார். கை நின்றிருந்தால் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அந்தப் பாராவ முடிச்சிட்டே எடுங்கண்ணே" என்கிறார்.

திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே டவுன் பஸ் ஓட்டுகிறவர் முருகானந்தம். ஐம்பதைத் தாண்டியவர். வீடு மண்ணச்சநல்லூரில். சட்டையின் மேல் பட்டன் கழுத்தை இறுக்கும் அளவுக்குப் போட்டிருப்பார். வெயில் காலத்திலும் கழற்றுவதில்லை. வாங்குகிற நாவலுக்கெல்லாம் பழைய மாதக் காலண்டர் தாளில் அட்டை போட்டுவிடுவார். கத்தியும் ரத்தமும் அரைகுறை உடையுமாக இருக்கும் அசல் அட்டையை யாரும் பார்த்துவிடக் கூடாது. "பொம்பளைப் புள்ளைங்க ஏறுற வண்டிங்க" என்பது அவர் சொல்லும் காரணம். பக்கத்துக்கு அடையாளம் வைக்கும் வழக்கம் கிடையாது. படித்த கடைசி வரியை மனத்தில் வைத்துக்கொள்வார். வண்டி கிளம்பிவிட்டால் சிக்னலில் நின்றாலும் புத்தகத்தைத் தொடமாட்டார். "ஸ்டியரிங்கப் புடிச்சாச்சுன்னா அந்தக் கதை செத்துப் போச்சுன்னு வச்சுக்கணும். ஸ்ரீரங்கம் போயி நின்னப்புறம்தான் அதுக்கு உசுரு குடுக்கணும்."

தினமும் அதே பஸ்ஸில் வேலைக்குப் போகிறவன் நான். டிரைவருக்குப் பின் சீட் கிடைத்தால் எனக்கும் கொஞ்சம் கதை கிடைக்கும். ஏனென்றால் முருகானந்தம் படிக்கிறவர் மட்டுமல்ல, சொல்கிறவரும்கூட. டோமினிக் வாழ்நாளில் ஒரு நாவலும் படித்ததில்லை. ஆனால் துப்பறியும் நாவலாசிரியர் சாயாதேவன் எழுதிய கொலைகள் அத்தனையும் அவருக்கு அத்துப்படி. டீக்கடையில் நிற்கிற நேரத்தில் முருகானந்தம் சொல்லச் சொல்லக் கேட்டவை. பாதிக் கதையில் இருவரும் ஆளுக்கொரு கொலைகாரனைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் டோமினிக் தோற்பார். "நான் சொன்ன ஆளு எப்பவுமே நல்லவனாப் போயிடுறானுங்க" என்று சலித்துக்கொள்வார்.

முருகானந்தம் சாயாதேவனைத் தவிர வேறு யாரையும் படிப்பதில்லை. சரியாகச் சொன்னால், சாயாதேவனின் இன்ஸ்பெக்டர் செண்பகவல்லி வராத எதையும் படிப்பதில்லை. அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மத்தியானம், காவிரிப் பாலத்தை நெருங்கும் இடத்தில் அவர் ஓட்டிவந்த பஸ்ஸுக்குச் சற்று முன்னால் ஒருவர் பைக்கோடு விழுந்து காலை முறித்துக்கொண்டார். பஸ் இடித்துத்தான் விழுந்தேன் என்றார் அவர். முருகானந்தம் வேலையிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்டார். பஸ் இடிக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். வண்டிக்குள் இருந்த யாரும் விழுந்ததைப் பார்த்திருக்கவில்லை; சொல்ல இன்னொரு வாய் இல்லை. பாலத்தடியில் கரும்புச்சாறு வண்டி போட்டிருந்தவரிடம் இரண்டு முறை போய்க் கேட்டார். "நான் ஒண்ணும் பாக்கலீங்க" என்பதே பதிலாக இருந்தது.

வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த கணவருக்கு வேணி எங்கிருந்தோ ஒரு புத்தகம் வாங்கி வந்தார். "வெறுமனே உக்காந்து என்னத்தையாவது நெனைக்காதீங்க. இதப் படிங்க." பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அவர் தொட்ட முதல் புத்தகம் அதுதான். அதில் செண்பகவல்லி, எதையும் பார்க்கவில்லை என்று சாதிக்கும் ஒரு சமையல்காரியிடம் மூன்றாம் முறையாகப் போகிறாள். என்ன பார்த்தாய் என்று கேட்பதில்லை. அந்த நேரத்தில் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்கிறாள்.

முருகானந்தம் புத்தகத்தை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார். கரும்புச்சாறு வண்டிக்காரரிடம், "அன்னைக்கு அந்த நேரத்துல நீங்க என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்கண்ணே?" என்று கேட்டார். அவர் யோசித்தார். மெஷின் சிக்கிக்கொண்டு, சக்கை வெளியே வராமல், குனிந்து இழுத்துக்கொண்டிருந்தேன் என்றார். அப்போது ஒரு பைக் மணலில் சறுக்கும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால் வண்டி கீழே கிடந்தது. பஸ் அதற்கப்புறம்தான் வந்தது. சொல்லி முடித்துவிட்டு, "அட, இதத்தான் நீங்க கேட்டுக்கிட்டு இருந்தீங்களா?" என்று அவரே ஆச்சரியப்பட்டார். விசாரணையில் அதையே சொன்னார். முருகானந்தம் மறுபடி வண்டி எடுத்தார்.

"வக்கீல் கேக்காத கேள்விய அந்தப் பொம்பள கேட்டுச்சு" என்பார். அந்தப் பொம்பளை காகிதத்தில் மட்டுமே இருக்கிறாள் என்பது அவருக்கு ஒரு பொருட்டில்லை.

இந்த வருடம் செண்பகவல்லியின் புது நாவல் வந்தது. பெயர் 'மூடிய லிஃப்ட்'. ஊரெங்கும் விளம்பரம். வந்த அன்றே வாங்கி, காலண்டர் தாளில் அட்டை போட்டு, என்ஜின் மூடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். முதல் சில நாட்கள் இருவரும் உற்சாகமாகத்தான் இருந்தார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு மருந்து வியாபாரி லிஃப்டுக்குள் செத்துக் கிடக்கிறார். கீழே இருந்த வாட்ச்மேன், நான் எதையும் பார்க்கவில்லை என்கிறான். அதைப் படித்ததும் முருகானந்தம் தொடையில் தட்டிக்கொண்டார். "பாரு டோமினிக், இவன்கிட்ட அவ மறுபடி வருவா. மூணாவது தடவை வருவா."

அவள் வரவில்லை. பாதி தாண்டியும் வரவில்லை. "வருவா, வருவா. அவளுக்குத் தெரியும்" என்று டோமினிக்குக்கும் தனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் மத்தியானம் ஸ்ரீரங்கத்தில் கடைசிப் பக்கத்தை முடித்தார். புத்தகத்தை மூடினார். விசில் கேட்டதும் வண்டியை எடுத்தார். திருவானைக்காவலில் டோமினிக் முன்னால் வந்து, "யாருண்ணே?" என்றார். முருகானந்தம் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மாம்பழச் சாலையில் மறுபடி கேட்டார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, டீ கிளாஸைக் கையில் வாங்கிய பிறகுதான் வாய் திறந்தது.

"ரெட்டப் புள்ள."

"யாருண்ணே?"

"செத்தவனோட கூடப் பொறந்த ரெட்டப் புள்ள. மலேசியாவுலேர்ந்து வர்றான். கடைசிக்கு முந்தின அத்தியாயத்துல வர்றான். அதுக்கு முன்னாடி ஒரு வரி கெடையாது. வந்து, அவனே நின்னு, நான் இப்படிக் கொன்னேன், அப்படிக் கொன்னேன்னு பக்கம் பக்கமாச் சொல்றான். இவ கேட்டுக்கிட்டு நிக்கிறா. போன்ல டவர் இல்லையாம்."

"வாட்ச்மேன்?"

"அவன் அங்கயேதான் உக்காந்திருக்கான். யாரும் போயி ஒரு வார்த்த கேக்கல."

டோமினிக் சிரிக்கப் பார்த்து, அவர் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். அன்று அந்த டீயை முருகானந்தம் குடிக்கவில்லை. கொஞ்ச நாள் ஸ்ரீரங்கத்தில் வண்டி நிற்கிற நேரத்தில் இறங்கி, டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். தெரிந்த பயணிகள், "என்னண்ணே, இன்னும் புதுக் கதை வரலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் திருச்சிப் புத்தகக் கண்காட்சிக்குச் சாயாதேவன் வருகிறார் என்ற செய்தி வந்தது. "கேட்டுருங்கண்ணே. மனசுலயே வச்சுக்கிட்டு வண்டி ஓட்டாதீங்க" என்று டோமினிக்தான் விடாமல் பிடித்தார். நானும் கூடப் போனேன்.

கையெழுத்து வாங்கும் வரிசை அரங்கத்துக்கு வெளியே வரை நீண்டிருந்தது. நான் நினைத்திருந்ததைவிட சாயாதேவனுக்கு வயது அதிகம். தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற இளைஞர் ஒருவர் புத்தகங்களைப் பிரித்துப் பிரித்து நீட்டினார். முருகானந்தம் பணி முடித்து நேராக வந்திருந்தார்; காக்கிச் சட்டை, மேல் பட்டன் வரை போட்டபடி. அவர் முறை வந்ததும் புத்தகத்தை நீட்டவில்லை.

"சார், இந்தப் புத்தகம் நல்லா இல்லீங்க சார்."

இளைஞர் குறுக்கே வந்தார். சாயாதேவன் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். சிரித்துக்கொண்டே, "நான் எழுதினதுலயே இதுதான் அதிகமா வித்திருக்கு, தெரியுமா?" என்றார்.

"தெரியுங்க சார். நானும் ஒண்ணு வாங்கினேனே."

பேனா நின்றது. சாயாதேவன் இப்போதுதான் அவரை முழுசாகப் பார்த்தார்.

"செண்பகவல்லி ஏன் சார் அந்த வாட்ச்மேன்கிட்ட திரும்பிப் போகல?"

"போயிருந்தா கதை பாதியிலயே முடிஞ்சிருக்குமே."

"முடியட்டுமே சார். சின்னப் புத்தகமா இருந்தா என்ன இப்போ?"

வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். சாயாதேவன் அதைக் கவனிக்கவில்லை. பேனாவை மூடி மேசையில் வைத்தார். குரல் தணிந்து, பக்கத்தில் நின்ற எங்களுக்கு மட்டும் கேட்கும்படி ஆகிவிட்டது.

"எனக்குத் தோணவே இல்லைங்க. முன்னெல்லாம் நான் சும்மா இருந்தாலும் அவ என்னை இழுத்துக்கிட்டுப் போவா. அங்க போ, இவனைக் கேளுன்னு. இந்தத் தடவை அவ எதுவுமே சொல்லல. புத்தகத்துக்குத் தேதி குடுத்துட்டாங்க. நானா முடிச்சேன்."

முருகானந்தம் என்னென்னவோ கேட்கத் தயார் செய்துகொண்டு வந்தவர். இரட்டைப் பிள்ளையைப் பற்றி, டவர் இல்லாத போனைப் பற்றி. வழியெல்லாம் என்னிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். அவற்றில் ஒன்றும் வெளியே வரவில்லை. "வருவாங்க சார். அவசரப்படுத்தாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வரிசையை விட்டு நகர்ந்தார். நடக்கும்போது கையெழுத்து வாங்கவில்லையே என்றேன். "அவருக்குக் கை வலிக்கும்ங்க" என்றார்.

டோமினிக்கிடம் நடந்ததைச் சொன்னபோது, அவர், "அப்ப ஆளு காலிதான்" என்றார். முருகானந்தத்துக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்று ஒரு முறைதான். "ஒரு நாளு வண்டி ஸ்டார்ட் ஆவலேன்னா, தூக்கிக் காயலாங்கடையில போட்டுருவியா? பேசாம டிக்கெட்டக் குடு."

போன வாரம் மெயின் கார்டு கேட் பக்கம் ஒரு புத்தகக் கடையில் அவரைப் பார்த்தேன். வாரம் ஒரு முறை வந்து அடுத்த நாவல் எப்போது என்று கேட்டுவிட்டுப் போவாராம். கடைக்காரர் இன்னும் ஒரு தகவலும் இல்லை என்றார். "மெதுவா வரட்டும்" என்றார் முருகானந்தம். பக்கத்தில் நின்ற, துவாக்குடியில் படிக்கிற ஒரு பெண், தோளில் பையோடு, அடுக்கின் மேலிருந்து 'மூடிய லிஃப்ட்'டை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். "இவர் எப்படி எழுதுவாருண்ணா? நான் படிச்சதே இல்ல" என்று கடைக்காரரிடம் கேட்டாள். பேர் வாங்கிய நாவல், நன்றாக விற்கிறது என்றார் கடைக்காரர்.

முருகானந்தம் அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கீழ் அடுக்கில் குனிந்து தேடினார். முதுகு மங்கிய பழைய செண்பகவல்லி நாவல் ஒன்றை உருவி, அட்டையைக் காக்கிச் சட்டைக் கையால் துடைத்து, "இதுலேர்ந்து ஆரம்பிங்கம்மா" என்று அவள் கையில் கொடுத்தார். புதியதை அவளிடமிருந்து மெல்ல வாங்கி, மடங்கியிருந்த பக்க முனையை நீவிவிட்டு, எடுத்த இடத்திலேயே நேராக நிறுத்தி வைத்தார்.