லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர்

எங்கள் வண்டி ஏழு பேர் உட்காரக்கூடிய டீசல் வண்டி. வாங்கிய புதிதில் லிட்டருக்குப் பதினான்கு கிலோமீட்டர் கொடுத்தது. நான்காம் வருஷம் ஆனி மாதத்தில் அது ஒன்பதுக்கு இறங்கிவிட்டது.

நான் கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. பஸ்ஸில் போய் வருவேன். கணவருக்குச் செங்கத்தில் வேலை, பைக்கில் போய்விடுவார். வார நாட்களில் வண்டி வீட்டு வாசலில் தகரக் கூரைக்குக் கீழே நிற்கும். சனி, ஞாயிறுகளில் மட்டும் எடுப்போம். கணவருக்கு முதுகுவலி இருப்பதால் பெரும்பாலும் நான்தான் ஓட்டுவேன். ஆகவே பழி என்மேல் விழுந்தது.

சொன்னது மாமனார். முப்பது வருஷம் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மாமியார் இறந்தபின் எங்களோடு இருக்கிறார். போன பங்குனியில் வண்டியை வெளியே எடுக்கும்போது கேட் தூணில் உரசிவிட்டார். சர்க்கரையால் கண் பாதித்திருக்கிறது, இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதிலிருந்து அவர் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவார்.

"கிளட்ச் மேலயே கால வெச்சி ஓட்டுறம்மா. அப்புறம் மைலேஜ் எங்கேந்து வரும்?" என்றார் ஒரு நாள் சாப்பிடும்போது. கணவரும் தலையாட்டினார். எனக்கே அது உண்மையாக இருக்குமோ என்று பட்டது. கால் எங்கே இருக்கிறது என்று தெரியட்டும் என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். ஓட்டுவதில் இருந்த சந்தோஷம் போய்விட்டது.

இருந்தாலும் கணக்கு சொல்லிக் கொடுக்கிறவள் அளக்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது. ஒரே பங்க்கில் டேங்க்கை நிரப்பி, மீட்டரைப் பூஜ்யமாக்கி, தீரப்போகும் நேரத்தில் அங்கேயே மறுபடி நிரப்பிப் பார்த்தேன். ஒன்பதுதான் வந்தது. நான்கு டயரிலும் காற்று கம்மியாக இருந்தது, அடித்தேன். ஏர் ஃபில்டர் புழுதி அடைத்துக் கிடந்தது, மாற்றினேன். பெரிய வித்தியாசம் இல்லை.

அப்புறம்தான் அவலூர்பேட்டை சாலையில் இருக்கும் மெக்கானிக்கிடம் போனேன். அதிகம் பேசாத ஆள். என்னையே ஓட்டச் சொல்லிப் பத்து கிலோமீட்டர் கூடவே வந்தார். திரும்பி வந்து நிறுத்தியதும் இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தார். முன்பக்கம் இடது சக்கரம் மட்டும் அனலாகக் கொதித்தது. ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றினால் அது சுற்றவே இல்லை. பிரேக்கை விட்ட பிறகும் பிரேக் பேட் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கழற்றித் துரு எடுத்து, கிரீஸ் வைத்து, புது பேட் போட்டுக் கொடுத்தார். கிளட்ச்சைப் பற்றிக் கேட்டேன். அதில் ஒன்றும் இல்லை, நான் ஓட்டுவது சரியாகத்தான் இருக்கிறது என்றார்.

அடுத்த முறை நிரப்பியபோது பதினொன்று வந்தது. கிட்டத்தட்டப் பாதி தூரம் வந்தாயிற்று, மீதி எங்கே என்று மறுபடியும் அவரிடமே போனேன். அவர் பானெட்டைத் திறக்கவில்லை. ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கும் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"சராசரி வேகம் பதினெட்டுனு காட்டுது மேடம். வேலூர் ரோட்ல போற வண்டிக்கு இவ்ளோ கம்மியா வராது. வண்டி எங்கியோ நின்ன எடத்துலயே ஓடிட்டு இருக்குது."

பௌர்ணமி கிரிவல நெரிசலாக இருக்கும் என்றேன். ஆனால் அந்த மாதம் பௌர்ணமிக்கு நாங்கள் வண்டியை எடுக்கவே இல்லை என்பது சொன்ன பிறகு ஞாபகம் வந்தது. திரையைப் பூஜ்யமாக்கிவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள் என்று அனுப்பினார்.

ஞாயிறு சாயந்திரம் பூஜ்யமாக்கினேன். புதன்கிழமை பள்ளியிலிருந்து வந்ததும் சாவியைப் போட்டுப் பார்த்தேன். ஓடிய தூரம் பூஜ்யம். இன்ஜின் ஓடிய நேரம் மூன்று மணி பத்து நிமிஷம்.

பகலில் வீட்டில் இருப்பவர் ஒருவர்தான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. மாமனார் பின்னால் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். போய்த் திரையில் பார்த்ததை அப்படியே சொன்னேன். அவர் குழாயை மூடினார்.

"சும்மா நின்னா பேட்டரி எறங்கிடும்னு ஸ்டார்ட் பண்ணி வெப்பேன்."

"தெனமும் ஒரு மணி நேரமாங்க மாமா?"

அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஏசி போட்டுட்டு ஸ்டியரிங்கப் புடிச்சி உக்காந்தா மனசு அடங்குதும்மா. வீட்ல எங்க உக்காந்தாலும் அடங்கல. இவ்ளோ டீசல் குடிக்கும்னு நெனைக்கல."

எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமும் போகவில்லை. ரெண்டு மாசமா நீங்க சொன்னத நம்பி பயந்து பயந்து ஓட்டினேன் மாமா என்றேன். அவர் உள்ளே போய்விட்டார்.

கணவர் வந்ததும் நான் வாய் திறப்பதற்கு முன் மாமனாரே அவரைக் கூப்பிட்டுச் சொன்னார். "அவ ஓட்றதுல தப்பில்லடா. நாந்தான் பகல்ல வண்டிய ஓட விட்டேன்." கணவர் சாவியை ஒளித்து வைக்கலாம் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சாவி அதே ஆணியில்தான் தொங்கியது. அதன்பின் மாமனார் அதைத் தொடவில்லை. மத்தியானம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்து போக ஆரம்பித்தார். அங்கே ஒரு டீக்கடையில் அவரோடு வேலை பார்த்த நாலைந்து பேர் கூடுவார்களாம். சில நாள் சிரித்த முகத்தோடு வருவார், சில நாள் யாரோடாவது சண்டை போட்டுவிட்டு வருவார்.

வண்டி இப்போது பதின்மூன்றரை கொடுக்கிறது. போன வாரம் அவருடைய கண் பரிசோதனைக்கு வேலூருக்கு நான்தான் ஓட்டிப் போனேன். செருப்பு போட்டுக்கொண்டுதான். கண்ணமங்கலம் தாண்டி ஒரு லாரியை முந்தினேன். மாமனார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "இப்ப ஓவர்டேக் எடுத்தது சரி" என்றார்.